ஆப்லாக்கைத் தமிழில் ‘பூட்டு’ என்று எழுத வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் வழங்கியில் இருக்கும் கோப்புகளை விண்டோஸ் கணினிகளோடு பகிர உதவும் சம்பா என்ற நிரலின் சோதனைக் குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது நேற்று ராத்திரி ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அதுவரை சிக்கல் இல்லை. சர்வருக்கு வழங்கி, ஃபைலுக்குக் கோப்பு, பாஸ்வேர்டுக்குக் கடவுச்சொல், இவை எல்லோருக்கும் பழகிய சொற்கள். அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையின் டிக்கெட்டுக்குச் ‘சீட்டு’ என்று போன வாரமே முடிவு செய்துவிட்டோம். ஒருமுறை அடையாளம் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டால், அப்புறம் ஒவ்வொரு வழங்கியிலும் கடவுச்சொல்லைத் தட்டாமல் சீட்டைக் காட்டியே உள்ளே போகலாம், அதனால் சொல் சரியாகப் பொருந்துகிறது. நின்ற இடம் ஆப்லாக் (ஆங்கிலத்தில் ‘ஆப்பர்சூனிஸ்டிக் லாக்’), அதாவது வழங்கியில் இருக்கும் கோப்பைக் கொஞ்ச நேரம் தன் கையிலேயே வைத்துக்கொள்ள ஒரு கணினிக்கு வழங்கி தரும் அனுமதி.

இதுவரை வந்த யோசனைகள்: ‘வாய்ப்புவழிப் பூட்டு’, ‘தற்காலிகப் பூட்டு’, ‘இணக்கப் பூட்டு’. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. முன்னால் வரும் சொல்லைப் பற்றி எனக்கு வழக்கில்லை, பின்னால் வரும் ‘பூட்டு’தான் பிரச்சினை. பூட்டினவர் திறக்கும்வரை அடுத்தவர் உள்ளே வர முடியாது, நம் எல்லோருக்கும் பூட்டு என்றால் அதுதான். ஆப்லாக் அப்படி நடந்துகொள்வதே இல்லை. அடுத்தவர் வந்து கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் கையில் இருப்பதை வைத்துவிட்டு வழிவிட வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் பழைய கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸும் சம்பாவும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஐந்து விண்டோஸ் கணினிகள் அதனோடு பேசுகின்றன. அதில் ஒன்று பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகையில் இருக்கிறது, மற்றவை மேலே கணக்கு அறையில். எடைக் கணக்கு நிரல் காலையில் ஒரு கோப்பைத் திறந்தால் சாயங்காலம்வரை மூடாது, மூட்டைக்கு ஒரு வரி சேர்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கோப்பை வேறு யாரும் திறக்காதவரை வழங்கி கொட்டகைக் கணினியிடம் “நீயே வைத்துக்கொள், ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் ஓடிவர வேண்டாம், யாராவது கேட்டால் சொல்கிறேன்” என்று விட்டுவிடுகிறது. இதுதான் ஆப்லாக். கொட்டகைக் கணினி புது வரிகளைத் தன் நினைவகத்திலேயே சேர்த்து வைத்து, தோதான நேரத்தில் மொத்தமாக அனுப்பும். இதனால் வலையில் போக்குவரத்து குறையும், வேகம் கூடும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கற்பூர மரம் ஒன்று கம்பியில் விழுந்து மின்சாரம் போயிற்று. கணினிகளுக்கு யூபிஎஸ் இருந்தது, கொட்டகைப் பக்கத்து வலை இணைப்பு ஸ்விட்சுக்கு இல்லை. அந்த நேரத்தில் மேலே கணக்கு அறையில் ஒருவர் அதே கோப்பைத் திறந்தார். வழங்கி கொட்டகைக் கணினிக்கு “திருப்பிக் கொடு” என்று செய்தி அனுப்பியது. பதில் வரவில்லை, வர வழியும் இல்லை. சம்பா சுமார் அரை நிமிடம் காத்திருந்தது, அப்புறம் தானே ஆப்லாக்கை எடுத்துவிட்டு மேலே இருப்பவருக்குக் கோப்பைத் திறந்துவிட்டது. கொட்டகைக் கணினியின் நினைவகத்தில் கிடந்த கடைசி ஏழு மூட்டைகளின் வரிகள் கோப்புக்கு வந்து சேரவே இல்லை.

ஏழு மூட்டை என்பது மூன்று வீட்டாரின் அன்றைய உழைப்பு. அவர்கள் கையில் எடைச் சீட்டு இருந்ததால் மறுநாள் சரிசெய்ய முடிந்தது. ஆனால் என்னை உறுத்தியது கணக்கர் கேட்ட கேள்வி. நான் எழுதி ஒட்டிவைத்த தமிழ்க் குறிப்பைக் காட்டி, “கோப்புக்குப் பூட்டு போட்டிருக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க, அப்புறம் எப்படி ரெண்டாவது ஆளுக்குத் திறந்துச்சு?” என்றார். என்னிடம் பதில் இல்லை. நிரல் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது, பொய் சொன்னது என் சொல். அந்தக் கோப்புக்கு மட்டும் ஆப்லாக் தராதே என்று ‘வீட்டோ ஆப்லாக் ஃபைல்ஸ்’ அமைப்பில் எழுதினேன், ஸ்விட்சுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தேன், குறிப்பைக் கிழித்துப் போட்டேன். புதுக் குறிப்பு எழுதச் சொல் இல்லாமல்தான் இங்கே வந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். சம்பாவும் விண்டோஸும் கோப்புக்காகப் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எஸ்எம்பியில் உண்மையான பூட்டு தனியாகவே இருக்கிறது. ஒரு கோப்பின் இன்ன பைட்டிலிருந்து இன்ன பைட்வரை வேறு யாரும் தொடக்கூடாது என்று ஒரு நிரல் கேட்டு வாங்குகிறதே, அது பூட்டு. அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைக்க வேண்டும். கோப்புப் பகிர்வுக்கான இன்னொரு நெறிமுறையான என்எஃப்எஸ்ஸின் நான்காம் பதிப்பிலும் ஆப்லாக் போன்ற ஏற்பாடு உண்டு, அங்கே அதை ஆங்கிலத்திலேயே பூட்டு என்று சொல்வதில்லை, பொறுப்பை ஒப்படைப்பது, திரும்ப அழைப்பது என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே நாம் ஆங்கிலச் சொல்லைப் பிய்த்து ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ் தேடினால் அதில் இருக்கும் பிழையும் சேர்ந்து வந்துவிடும்.

என் யோசனை: கைமாற்று. மாசக் கடைசியில், தேயிலைப் பணம் வருவதற்கு முன்னால், பக்கத்து வீட்டில் ஐந்நூறு ரூபாய் கைமாத்து வாங்குகிறோம் இல்லையா? பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, கேட்டால் உடனே தர வேண்டும். வழங்கி கைமாற்று கொடுக்கிறது, கணினி வாங்குகிறது, வேறு ஆள் வந்தால் வழங்கி திரும்பக் கேட்கிறது. சொல்லிப் பாருங்கள், கருத்தை எழுதுங்கள்.

— கோத்தகிரியிலிருந்து

*

குன்னூரிலிருந்து பதில்:

தம்பி, ‘பூட்டு’ வேண்டாம் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். இத்தனை நாள் நானே அதற்காக வாதாடிக்கொண்டிருந்தேன், அந்த ஏழு மூட்டைக் கதையைப் படித்தபின் இனி வாதாட மாட்டேன். ஆனால் கைமாற்றில் ஒரு இடர் இருக்கிறது. பேச்சில் அது பெயர்ச்சொல்லாக நிற்கிறது. எழுத்தில் ‘கைமாற்று’ வினையாகவும் வரும்: சொத்தைக் கைமாற்றினார், நிலம் கைமாறியது. அப்படியென்றால் நிரந்தரமாக வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று பொருள். பிழைச்செய்தியில் ‘கோப்பு கைமாற்றப்பட்டது’ என்று வந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? கோப்பை வேறு கணினிக்கு அனுப்பிவிட்டதாகத்தான் நினைப்பார். இன்னொன்று, கைமாற்று வாங்கிய பணத்தைச் செலவு செய்துவிட்டு வேறு நோட்டைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். இங்கே வாங்கிய கோப்பே திரும்பி வர வேண்டும்.

*

கூடலூரிலிருந்து பதில்:

இந்த ஏற்பாட்டின் புது வடிவத்துக்கு எஸ்எம்பி 2.1இல் லீஸ் என்று பெயர், சம்பாவில் 4.2இலிருந்து இருக்கிறது. அதற்குக் ‘குத்தகை’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். ஆப்லாக்குக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

*

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

குத்தகையை முதலில் பார்த்துவிடலாம். நம் மலையில் தேயிலைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் போய், தவணை முடிவதற்கு முன்னால் ‘வேறு ஒருவர் கேட்கிறார், இறங்குங்கள்’ என்று சொல்ல முடியுமா? குத்தகை என்றால் காலம் குறித்தது, அந்தக் காலம் முடியும்வரை அது குத்தகைதாரர் கையில். டிஹெச்சிபி வழங்கி ஒரு கணினிக்கு முகவரியை இத்தனை மணி நேரத்துக்கு என்று தருகிறதே, அதற்குக் குத்தகை கச்சிதமாகப் பொருந்தும், அங்கேயே வைத்துக்கொள்வோம். எஸ்எம்பி லீஸுக்குத் தவணையே கிடையாது. வேறு ஆள் கேட்டால் அந்த நொடியே அதுவும் திரும்பிப் போக வேண்டியதுதான். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு இடத்திலும் வருகிறது என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

ஐயா சொன்னதை உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். சம்பாவில் ஒரு மாற்றம் மூலநிரலுக்குள் போக வேண்டுமானால் சோதனைத் தொகுப்பு முழுவதும் தேற வேண்டும் என்ற வழக்கம் இருக்கிறது. சாக்கெட் ராப்பர் என்ற ஏற்பாட்டால் வலையே இல்லாமல் ஒரே மடிக்கணினிக்குள் பல வழங்கிகளை ஓடவிட்டு அந்தச் சோதனைகளை நடத்தலாம், மழையில் இணையம் போகும் நம் ஊருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லவே வேண்டாம். சொல்லுக்கும் அப்படி ஒரு சோதனை வைத்தால் என்ன என்று தோன்றியது. ஆப்லாக் வரும் வாக்கியங்களாகப் பன்னிரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் கைமாற்றைப் பொருத்தி, விஷயம் தெரியாத என் தங்கையிடம் வாசிக்கச் சொன்னேன். பன்னிரண்டில் நான்கை அவள் ‘கோப்பு வேறு கணினிக்குப் போய்விட்டது’ என்றே புரிந்துகொண்டாள். ஐயா சொன்ன அதே குழப்பம். கைமாற்றை விட்டுவிடுகிறேன்.

வாசித்து முடித்துவிட்டு அவள்தான் கேட்டாள்: “இது இரவல் மாதிரி இல்ல?”

அப்படியே பிடித்துக்கொண்டேன். ஏணியை இரவல் வாங்குகிறோம், சல்லடையை இரவல் வாங்குகிறோம். பொருள் கொடுத்தவருடையது, நம் கையில் இருக்கும்வரை நம் வசதிக்குப் பயன்படுத்தலாம், வேறு யாருக்காவது வேண்டுமென்று கேட்டு அனுப்பினால் அதே பொருளைத் திருப்பித் தர வேண்டும். ஐயா கேட்ட ‘வாங்கியதே திரும்ப வர வேண்டும்’ என்பதும் சேர்ந்துவிட்டது. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

“வழங்கி இந்தக் கோப்பை இரவல் கொடுத்திருக்கிறது.”
“இரவல் திரும்பக் கேட்கப்பட்டது.”
“கணினி எழுத வேண்டியதை எழுதிவிட்டு இரவலைத் திருப்பித் தந்தது.”
“பதில் வராததால் வழங்கி இரவலை ரத்து செய்தது.”

பன்னிரண்டு வாக்கியமும் தேறின. ஆப்லாக் பிரேக் என்பதை ‘உடைப்பு’ என்றோ ‘முறிவு’ என்றோ எழுத வேண்டிய தேவையும் போயிற்று, ‘திரும்பக் கேட்டல்’ போதும்.

வகைகளுக்கும் வழி கிடைக்கிறது. ஒரே கணினி எழுதவும் செய்யலாம் என்பது ‘தனி இரவல்’. பலர் சேர்ந்து படிக்க மட்டும் வைத்துக்கொள்ளும் இரண்டாம் நிலை ‘பொது இரவல்’. பேட்ச் வகைக்குத் ‘தொடர் இரவல்’ என்கிறேன். டாஸ் காலத்துத் தொகுதிக் கோப்புகளை ஒவ்வொரு வரிக்கும் திறந்து மூடித் திறந்து மூடிப் படிப்பார்கள், அதற்காக நிரல் மூடினாலும் கணினி கோப்பை மூடாமல் கையிலேயே வைத்திருக்கட்டும் என்று வந்த வகை அது, அதனால் ‘தொடர்’.

லீஸ் மட்டும் இன்னும் அமையவில்லை. அதில் வாசிப்பு, எழுத்து, கைப்பிடி (கோப்பை மூடாமல் வைத்திருப்பது) என்று மூன்று உரிமைகளைத் தனித்தனியாகத் தரலாம். அதோடு லீஸை அடையாளம் காட்டும் ஒரு சாவியும் உண்டு. ஒரே கணினி அதே கோப்பை இரண்டாம் முறை அதே சாவியோடு திறந்தால் தன்னிடமிருந்தே திரும்பக் கேட்டுக்கொள்ளும் வீண்வேலை நடக்காது. ‘சாவி இரவல்’ என்று எழுதிப் பார்த்தேன், சாவியை இரவல் வாங்கியது போல ஒலிக்கிறது. ‘உரிமை இரவல்’ கொஞ்சம் பரவாயில்லை. கூடலூர் அக்காதான் லீஸ் சோதனைகளை நம்மில் அதிகம் ஓட்டிப் பார்த்தவர், அவர் ஒரு சொல் தந்தால் நல்லது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. சம்பா சோதனைத் தொகுப்பில், தோற்கும் என்று தெரிந்த சோதனைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், யாரும் அதே இடத்தில் திரும்ப முட்டிக்கொண்டு நிற்காமல் இருக்க. நம் சொற்பட்டியலிலும் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கி, ‘வாய்ப்புவழிப் பூட்டு’, ‘கைமாற்று’, ‘குத்தகை’ மூன்றையும் ஏன் தேறவில்லை என்ற காரணத்தோடு எழுதிவைக்கலாம். ஐயாவின் கைமாற்று விளக்கத்தை அவர் எழுதியபடியே அங்கே போட அனுமதி கேட்கிறேன்.

புதன்கிழமை பேக்டரிக்குப் போகிறேன். கணக்கருக்கான புதுக் குறிப்பை ‘இரவல்’ வைத்து எழுதி, அவரையே வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்டுவந்து எழுதுகிறேன். அதற்குள் யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லிவிடுங்கள்.

— கோத்தகிரியிலிருந்து