கண்ணகி வாய் திறக்கவே இல்லையாம்!

வடலி:
போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு பரிசளிப்பு விழா. சிறப்பு விருந்தினர் பெண்பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "புகார்க்காண்டம் முழுக்கக் கண்ணகி வாய் திறக்கவே இல்லை. அந்த மௌனத்தின் சக்திதான் பிறகு மதுரையை எரித்தது. நீங்களும் பொறுமையாக இருக்கப் பழகுங்கள்." மண்டபம் முழுக்கக் கைதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிலப்பதிகாரத்தின் முதல் காண்டம்தான் புகார். கண்ணகி தன் கனவைச் சொல்லும் கனாத்திறம் உரைத்த காதை எந்தக் காண்டத்தில் இருக்கிறது? சிலப்பதிகாரத்தை ஒரு தரமாவது முழுதாகப் படித்தவர் இப்படிக் கதைப்பாரா?

வாத்தியார்:
அந்த மேடையில் பேசியவர் எனக்குத் தெரிந்தவர். நன்றாகப் படித்தவர். அவர் சொன்னது சரி. மனையறம்படுத்த காதையில் கோவலன் "மாசறு பொன்னே வலம்புரி முத்தே" என்று அடுக்கிக்கொண்டே போகிறான். கண்ணகி ஒரு பதில் சொன்னாளா? அவன் மாதவி வீட்டுக்குப் போனபோது தடுத்து ஒரு சொல் சொன்னாளா? இளங்கோ வேண்டுமென்றே அவளைப் பேசவிடாமல் வைத்திருக்கிறார். வழக்குரை காதையில் "தேரா மன்னா" என்று அவள் தொடங்கும்போது நமக்கு மயிர்க்கூச்செறிவதற்கு அதுதான் காரணம். இலக்கியத்தில் மௌனம் என்றால் என்னவென்று தெரியாமல் எழுத வந்துவிடுகிறார்கள்.

வடலி:
மாஸ்டர், நான் கேட்டதற்குப் பதில் இல்லை. "சிலம்புள கொண்ம்", என் சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கோவலனிடம் சொன்னது யார்? எந்தக் காண்டம்? அதற்குச் சற்று முன்னால் தோழி தேவந்தி வந்து, சோமகுண்டம் சூரியகுண்டம் என்ற இரண்டு குளத்திலும் முழுகிக் காமவேள் கோட்டத்தில் கும்பிட்டால் புருஷன் திரும்பி வருவான் என்கிறாள். "பீடு அன்று", அது பெருமை இல்லை என்று வெட்டிவிடுகிறாளே கண்ணகி. அது மௌனமா?

வாத்தியார்:
இரண்டு சொல்லைப் பேச்சென்று எண்ணுகிறீரா?

வடலி:
இரண்டு சொல் இல்லை. கனவையும் சொல்கிறாள். ஒரு பெரிய ஊருக்குப் போனோம், ஊரார் இடுதேள் இட்டதுபோல் பொய்ப்பழி சொன்னார்கள், கோவலனுக்குத் தீங்கு வந்தது, "காவலன் முன்னர் யான் கட்டுரைத்தேன்" என்கிறாள். புகாரில், தன் வீட்டில் இருந்துகொண்டே, அரசன் முன்னால் வழக்காடுவதைச் சொல்லிவிட்டாள். அடுத்தது நாடுகாண் காதை. நடந்து களைத்துப்போய் "மதுரை மூதூர் யாது" என்று கேட்கிறாள். அதுவும் புகார்க்காண்டம்தான். "வாய் திறக்கவே இல்லை" என்பது பொய். ஒத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடுகிறேன்.

பனிநாட்டான்:
கனடாவில் ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிப்பதைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. மௌனம் நமது சைவத்தின் உச்சம். கல்லால மரத்தடியில் சனகாதி முனிவர் நால்வருக்கும் இறைவன் சொல்லாமல் சொன்னார். கொழும்புத்துறைக் கொட்டிலில் இருந்த ஞானி யோகர் சுவாமி தந்த வாக்கியம் "சும்மா இரு". அதைத் தாண்டி என்ன இருக்கிறது?

கொக்குவிலான்:
"சும்மா இரு சொல்லற" கந்தரனுபூதி. அருணகிரிநாதர் பாடியது. யோகர் சுவாமி பிறந்தது 1872. எங்கள் ஊரில் எல்லாவற்றையும் யோகர் சுவாமி தலையில் கட்டிவிட்டுப் போவது ஒரு பழக்கமாகிவிட்டது.

பனிநாட்டான்:
சுவாமிதான் முதலில் சொன்னார் என்று நான் எங்கே எழுதினேன்? போன மாதமும் யாழ்ப்பாண நூலகம் பற்றிய கதையில் இப்படித்தான் நான் எழுதாததை எழுதியதாகச் சொன்னீர். ஊரில் இருந்தால் மட்டும் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

கொக்குவிலான்:
1981இல் எரிந்ததைப் பார்த்தவர்களோடு நாங்கள் இங்கே வாழ்கிறோம். அங்கே இருந்து பாடம் எடுக்க வேண்டாம்.

சுன்னாகத்து அண்ணை:
மௌனத்துக்குச் சக்தி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். இந்திய இராணுவம் நின்ற காலம். சுற்றிவளைப்பு. எங்களைக் கோயில் வீதியில் வரிசையாக நடக்கவிட்டார்கள். ஒரு ஜீப்புக்குப் பக்கத்தில், ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி. தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. சாக்கு மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. அவன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் போன பெடியனுக்குத் தலையாட்டினான். பெடியனை இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் யார், எந்தக் கடையில் நிற்கிறவன், எந்த வம்புக்கும் போகாதவன் என்பது வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். மௌனத்தைப் புகழ்கிறவர்கள் எந்த மௌனத்தைப் புகழ்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் புகழட்டும்.

வடலி:
இதைத்தான் அண்ணை நானும் சொல்கிறேன். "வாயை மூடிக்கொண்டு இரு" என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தால் நாளைக்கு இதுதான் நடக்கும். அதனால்தான் கண்ணகி பேசினாள் என்பதை விட்டுக்கொடுக்க முடியாது. குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று. அவன் அவளைச் சேர்ந்தபோது யாரும் இல்லை, தினைத்தாள் போன்ற சிறிய பசிய காலோடு ஓடும் தண்ணீரில் ஆரல்மீன் பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் நின்றது. அவன் பொய் சொன்னால் யார் சாட்சி? குருகு வாய் திறக்காது. தலைவியின் பயம் முழுக்க அந்தப் பறவையின் மௌனத்தில்தான் இருக்கிறது. இதையும் பலம் என்பீர்களா மாஸ்டர்?

சுன்னாகத்து அண்ணை:
தங்கச்சி, நான் உம்முடைய கட்சிக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. அன்றைக்கு யாராவது பேசியிருந்தால் அவனையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பார்கள். பேசாததால் நாங்கள் கொஞ்சப் பேர் உயிரோடு இருக்கிறோம். அதையும் எழுதும்.

வாத்தியார்:
அண்ணை சொன்னது வாழ்க்கை. நாங்கள் பேசுவது காப்பியம். இரண்டையும் குழப்பக்கூடாது. வடலிக்கு ஒரு கேள்வி. புகார்க்காண்டத்தில் பத்துக் காதை. கண்ணகியின் பேச்சை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வருமா? காண்டத்தின் பெரும்பகுதியில் அவள் மௌனம். பேச்சாளர் சொன்னதும் அதுதான்.

வடலி:
"பெரும்பகுதி" என்று அவர் சொல்லவில்லை. "வாய் திறக்கவே இல்லை" என்றார். நானே கேட்டேன். இப்போது நீங்கள் அவருக்காகச் சொல்லை மாற்றுகிறீர்கள். கொலைக்களக் காதையில் சாகப் போகிறவனின் முகத்துக்கு நேரே "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்றாள். அது மதுரைக்காண்டம், அதை நான் கணக்கில் எடுக்கவும் இல்லை. புகாருக்குள் மட்டும் மூன்று இடம் காட்டினேன். நீங்கள் மறுக்க ஒரு இடம்கூடக் காட்டவில்லை.

வாத்தியார்:
பேசாத இடத்தை எப்படிக் காட்டுவது? கோப்பெருந்தேவியைப் பாரும். பாண்டியன் விழுந்ததும் கணவனை இழந்தோருக்குக் காட்டுவது எதுவும் இல்லை என்று அவன் அடியைத் தொழுது விழுந்தாள். வழக்குரை காதையில் எல்லாரும் பேசுகிறார்கள். கடைசியில் நிற்பது வழக்கில் ஒரு சொல்லும் சொல்லாத அவள்தான். முப்பது வருடம் படிப்பித்தவனுக்கு நீர் காண்டம் எண்ணிக் காட்டுகிறீர்.

வடலி:
முப்பது வருடம் படிப்பித்தவர் "சிலம்புள கொண்ம்" எந்தக் காண்டம் என்று இன்னும் சொல்லவில்லை.

கொக்குவிலான்:
கண்ணகியைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இவ்வளவு வீராப்பு! ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாடு சைவத்துக்கு ஒவ்வாது என்று எதிர்த்தார். பிறகு இங்கே எத்தனை கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி கோயில்களாகின. அவளை ஊரே வாய் மூட வைத்தது. அதைப் பற்றி மாஸ்டர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

வாத்தியார்:
நாவலரைத் தொட வேண்டாம். 1879இல் அவர் போனபிறகு நடந்ததற்கெல்லாம் அவரைக் குற்றம் சொல்வது ஒரு நாகரிகமாகிவிட்டது.

கொக்குவிலான்:
எதிர்த்தவர் அவர்தானே? உயிரோடு இருந்தபோதுதானே எதிர்த்தார்?

பனிநாட்டான்:
முதலில் நூலகக் கதையில் நான் எழுதாததை எழுதியதாகச் சொன்னதற்குப் பதில் சொல்லும். பிறகு நாவலருக்கு வரலாம்.

வடலி:
கொக்குவிலான், பெயர் மாற்றியது அம்மனைக் கும்பிட்ட சனம்தான், அதையும் சேர்த்துச் சொல்லும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் இன்றைக்கும் வைகாசியில் கடல்நீரில் விளக்கு ஏற்றுகிறார்கள், அங்கே யாரும் பெயரை மாற்றவில்லை. மாஸ்டர், நீங்கள் நாவலரிடம் ஓட வேண்டாம்.

வாத்தியார்:
நான் எங்கும் ஓடவில்லை. பெயர் மாற்றிய கோயில் ஒன்றை ஆண்டோடு சொல்லட்டும், பிறகு கதைப்போம்.

கொக்குவிலான்:
நாளைக்கு ஊர்ப் பெயரோடு எழுதுகிறேன். அப்போது வேறு கதைக்குப் போய்விட வேண்டாம்.