தொப்பூர் இறக்கத்தில் கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்குமா, இடிக்காதா?

காரிமங்கலம் புதுசு:
அண்ணன்மாரே, புதிதாக ஒரு ரோடு பைக் வாங்கியிருக்கிறேன். என் உயரம் ஐந்தடி ஒன்று. கடையில் இருந்ததிலேயே சின்ன ஃபிரேம். வீட்டு வாசலில் மெதுவாக வளைத்துத் திருப்பினால் ஷூ நுனி முன்டயரில் உரசுகிறது. போன வாரம் கேஆர்பி டேம் ரைடர் இங்கே எழுதியிருந்தார்: "டோ ஓவர்லாப் (ஷூ நுனி முன்டயரில் இடிப்பது) உள்ள சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தொப்பூர் இறக்கத்தில் ஒரு வளைவு போதும், கால் மாட்டி லாரிக்கு அடியில் போவீர்கள்." படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

நாலுரோடு பெடல்:
வேண்டாம் தங்கச்சி. புதிதாக ஓட்ட வருகிறவர்களை இப்படிப் பயமுறுத்துவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. இறக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் யாரும் ஹேண்டிலைத் திருப்புவதில்லை, வண்டியைச் சாய்க்கிறோம். 30 மீட்டர் ஆரம் உள்ள வளைவில் முன்சக்கரம் திரும்புவதே 2 டிகிரி அளவுதான். டயரின் பின்விளிம்பு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் பக்கவாட்டில் நகரும். தொப்பூர் நான்குவழிச் சாலை, அங்கே வளைவு இதைவிடப் பெரியது. அதோடு இறக்கத்தில் யாரும் மிதிப்பதில்லை. வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கும். கால் டயர் பக்கமே போகாது.

கேஆர்பி டேம் ரைடர்:
கணக்கு நோட்டை மூடி வையுங்கள். எனக்குத் தொப்பூரில் கால் பட்டது. விழுந்தேன். முழங்கையில் தழும்பு இருக்கிறது.

நாலுரோடு பெடல்:
எந்த வேகத்தில்?

கேஆர்பி டேம் ரைடர்:
வேகம் முக்கியமில்லை. கால் பட்டது.

பழையபேட்டை கடைக்காரர்:
சண்டையை நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளைக்கு வழி சொல்லுங்கள். கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, சுழலும் நடு அச்சிலிருந்து முன்சக்கர அச்சு வரை அளக்க வேண்டும். சின்ன ஃபிரேமில் 573 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோடு பைக்கின் வழக்கமான 700சி சக்கரம், 25 மில்லிமீட்டர் டயர் என்றால் ஆரம் 336. கிராங்க் நீளம் 170. இரண்டையும் கழித்தால் மிச்சம் 67, அதுதான் பெடல் நடுவுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி. பெடல் நடுவிலிருந்து ஷூ நுனி 10 சென்டிமீட்டர் வந்தாலே 3 சென்டிமீட்டருக்கு மேல் இடிக்கும். 165 கிராங்க் போட்டால் 5 மில்லிமீட்டர் கிடைக்கும். கிளீட் ஷூ (அடியில் உள்ள கட்டை பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூ) என்றால் கிளீட்டை விரல் பக்கம் தள்ளி மாட்டுங்கள், பாதம் பின்னால் போகும். மட்கார்டு மட்டும் போடாதீர்கள், இருக்கிற இடத்தையும் அது தின்றுவிடும்.

நாலுரோடு பெடல்:
மட்கார்டு போடாதே என்று சொல்லாதீர்கள் அண்ணே. ஐப்பசி மழையில் முகமெல்லாம் சேறு அடிக்கட்டுமா? டயரை ஒட்டி மாட்டத் தெரிந்தால் போதும். மாட்டத் தெரியாத கடைக்காரர்கள்தான் வேண்டாம் என்பார்கள்.

பழையபேட்டை கடைக்காரர்:
நீங்கள் ஸ்பேனர் பிடிப்பதற்கு முன்னாலிருந்து நான் மட்கார்டு மாட்டுகிறேன். ஷூ இடித்து மட்கார்டைத் தாங்கும் ஸ்டே கம்பி வளைந்து, மட்கார்டு டயருக்குள் சுருண்டு போன வண்டிகள் என் கடைக்குத்தான் வருகின்றன. உங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

ஓசூர் கியர்:
கேஆர்பி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் டோ கிளிப் (காலைப் பெடலோடு பிடித்து வைக்கும் கூண்டு) மாதிரி எதுவும் இல்லாத சைக்கிளுக்குப் பெடல் நடுவிலிருந்து டயருக்கோ மட்கார்டுக்கோ 89 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 67 என்றால் பற்றாது. ஃபிக்ஸட் கியர் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் மோசம், சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், மிதிப்பதை நிறுத்தவே முடியாது.

கேஆர்பி டேம் ரைடர்:
பார்த்தீர்களா? சட்டமே சொல்கிறது. தொப்பூரில் எனக்குக் கால் பட்டது.

நாலுரோடு பெடல்:
அந்தச் சட்டத்தில் தொப்பூர் எங்கே வருகிறது? 89 மில்லிமீட்டர் என்பது சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் இருக்க வேண்டிய இடைவெளி. 2 டிகிரி திரும்புகிற இறக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதுவும் கால் பெடலோடு கட்டப்படாத வண்டிக்கு. நீங்கள் கிளீட் போட்டு ஓட்டுகிறவர் என்று நீங்களே போன மாதம் இங்கே பெருமையாக எழுதினீர்கள்.

பென்னாகரம் ஏற்றம்:
இறக்கத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கால் இடிப்பது ஏற்றத்தில். ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறி வாருங்கள். கொண்டை ஊசி வளைவில் நடக்கிற வேகம்தான், மூச்சு வாங்கி வண்டி பாம்பு மாதிரி நெளியும், ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில் திரும்பும். அங்கேதான் டயர் ஷூவைத் தொடும்.

நாலுரோடு பெடல்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். மெதுவான வேகத்தில் இடிக்கும், இறக்கத்தில் இடிக்காது.

பென்னாகரம் ஏற்றம்:
நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஏற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

கேஆர்பி டேம் ரைடர்:
ஒகேனக்கல் ரோட்டை ஏற்றம் என்கிறவர்கள் அஞ்செட்டிப் பக்கம் வந்து பாருங்கள். தருமபுரிக்காரர்களுக்கு எல்லாமே பெரிய மலைதான்.

பென்னாகரம் ஏற்றம்:
2004 வரைக்கும் அஞ்செட்டியும் தருமபுரி மாவட்டம்தான் தம்பி. மாவட்டத்தைப் பிரித்ததும் மலை வளர்ந்துவிட்டதா?

ஓசூர் கியர்:
அஞ்செட்டி ரோட்டில் கால் இடிக்கிறதோ இல்லையோ, யானை இடிக்கும். சாயங்காலம் யாரும் போகாதீர்கள்.

சந்தைப்பேட்டை பெரியவர்:
28 இஞ்சி கருப்பு சைக்கிளில் கேரியரில் மூட்டை, பாரில் பிள்ளை என்று ஓட்டிய காலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து முன்னால் போயிருக்கும். சக்கரம் ஒருபக்கம், கால் ஒருபக்கம். இப்போது பந்தய வண்டி மோகத்தில் சக்கரத்தைக் காலுக்கடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆயிரக்கணக்கில் பணத்தையும் கொடுக்கிறீர்கள்.

நாலுரோடு பெடல்:
ஐயா, அந்தச் சாய்வை ரோடு பைக்கில் வைத்தால் மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் விழும். ஃபோர்க்கை மட்டும் முன்னால் வளைத்தால் டிரெயில் (ஹேண்டில் அச்சு தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால் டயர் ஊன்றும் தூரம்) குறையும், வேகத்தில் வண்டி நேராக நிற்கும் குணம் போய்விடும். குள்ளமானவர்களுக்கு உண்மையான மருந்து சின்னச் சக்கரம். 650பி சக்கரத்தின் ரிம் விட்டம் 584 மில்லிமீட்டர், 700சி ரிம் 622. அதே டயர் போட்டால் ஆரத்தில் 19 மில்லிமீட்டர் மிச்சம். கம்பெனிகள் எல்லா உயரத்துக்கும் ஒரே சக்கரத்தைத் திணிப்பதுதான் கோளாறு. கோபப்பட வேண்டியது அதற்கு. அதை விட்டுவிட்டு ஒருவர் தொப்பூர், தொப்பூர் என்று கதை விடுகிறார்.

கேஆர்பி டேம் ரைடர்:
கதையா? என் ரத்தம் கதையா? லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் பின்னால் வந்தது, ஓரத்தில் ஒதுங்கி நிறுத்தப் போனேன், ஹேண்டிலைத் திருப்பினேன், கால் பட்டது.

நாலுரோடு பெடல்:
ஓரத்தில் நிறுத்தப் போனீர்களா! அப்படியானால் நடக்கிற வேகம். இவ்வளவு நேரம் வேகம் முக்கியமில்லை என்றது இதற்குத்தானா?

கேஆர்பி டேம் ரைடர்:
இடம் தொப்பூர் இறக்கம். கால் பட்டது. இதில் என்ன பொய்?

காரிமங்கலம் புதுசு:
அண்ணா, யூ டர்ன் அடிக்கும்போது எந்தக் காலை முன்னால் வைப்பது?

பழையபேட்டை கடைக்காரர்:
இடது பக்கம் திரும்பினால் டயரின் பின்பக்கம் வலது பக்கம் வரும், வலது கால்தான் இடிபடும். அதனால் திரும்புகிற பக்கத்துக் காலை முன்னால் வைத்து, மிதிக்காமல் உருளவிடுங்கள். பழகிவிடும்.

ஓசூர் கியர்:
வெளிக்கால் கீழே என்றல்லவா எல்லாரும் சொல்லித்தருகிறார்கள்?

நாலுரோடு பெடல்:
அது வேகமான வளைவுக்கு. மேலே எழுதியதைப் படிக்காமல் பதில் போடுவது இங்கே சிலருக்கு வழக்கமாகிவிட்டது.

ஓசூர் கியர்:
நீங்கள் எழுதுகிற நீளத்துக்கு யார் படிப்பது?

கேஆர்பி டேம் ரைடர்:
சரியாகச் சொன்னீர்கள். தங்கச்சி, திருப்பிக் கொடுத்துவிடு.

நாலுரோடு பெடல்:
கொடுக்காதீர்கள். கேஆர்பி, உங்கள் வண்டியில் பெடல் நடுவிலிருந்து டயர் வரை எத்தனை மில்லிமீட்டர்? டேப்பை வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், அப்புறம் பேசுவோம்.

கேஆர்பி டேம் ரைடர்:
என் வண்டியை நான் எதற்கு உங்களுக்கு அளந்து காட்ட வேண்டும்?