மறு: டக்அவுட் கேனோ – ‘குடைவுத் தோணி’ சரியா?

> உளியால் குடைவதால் ‘குடைவுத் தோணி’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம். ஒரே அடிமரத்தின் உட்புறத்தை எடுத்துவிட்டுச் செய்யும் படகுதான் டக்அவுட் கேனோ. அதற்குத் தமிழில் ‘குடைவுத் தோணி’ என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குடைவரைக் கோயில் பார்த்துப் பழகிய நமக்குக் ‘குடைவு’ என்றதும் உளிச் சத்தம்தான் கேட்கும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் கரையோரப் பழங்குடிகளான வாம்பனோவாக் மக்கள் செய்யும் இவ்வகைப் படகுக்கு மிஷூன் என்று பெயர். அதில் பாதிக்கு மேல் வேலை பார்ப்பது தீ.

கிடத்திய மரத்தின் மேல்புறத்தில் தணலைப் போட்டு எரிய விடுவார்கள். கரியானதும் தணலை ஒதுக்கிவிட்டு, சிப்பி ஓட்டாலோ கல் கருவியாலோ சுரண்டி எடுப்பார்கள். அப்புறம் திரும்பவும் தணல். தீ பக்கச்சுவரைத் தின்றுவிடக் கூடாதே! எரியக் கூடாத இடத்தில் ஈரக் களிமண்ணை அப்பிவிடுவார்கள்.

பக்கத்து நாரகான்செட் பகுதியில் தான் பார்த்ததை ரோஜர் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1643-இல் எழுதியிருக்கிறார். ஒருவர் கோடாலி, தீமூட்டும் கல், ஒரு கூடை மக்காச்சோளத்தோடு காட்டுக்குப் போகிறார். செஸ்நட் மரத்தைச் சாய்த்து, அதன் பட்டையிலேயே குடிசை போட்டுக்கொண்டு, சோளத்தை அவித்துத் தின்றபடி எரிப்பதும் செதுக்குவதுமாக 10, 12 நாளில் படகை முடித்துவிடுகிறார். தண்ணீரில் தள்ளத்தான் ஆள் கூப்பிடுகிறார். கையில் கோடாலி இருந்தும் தீயை விடவில்லை, கவனியுங்கள்.

கருவியை வைத்துப் பெயரிட்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். என் பரிந்துரை ‘ஒருமரத் தோணி’. எரித்தாலும் செதுக்கினாலும் ஒரே அடிமரம் என்பது மாறாது. எந்த மரம் என்பதும் தடையில்லை. பூஞ்சை நோயில் செஸ்நட் காடுகள் போனபின் இப்போது பைன் மரத்திலும் செய்கிறார்கள்.

‘வள்ளம்’ என்றும் ஒரு யோசனை வந்தது. குமரிப் பக்கம் ஒரே மரத்தில் குடைந்ததற்கு அந்தப் பெயர் உண்டுதான், ஆனால் பலகை வைத்துக் கட்டிய படகையும் வள்ளம் என்கிறார்கள். கட்டுமரத்தை இதில் இழுக்கவே வேண்டாம். அது பல மரங்களைச் சேர்த்துக் கட்டியது.

செய்முறைக்கு ‘எரித்துச் சுரண்டல்’ போதும். ‘தீக்குடைவு’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, சுரண்டுகிற பாதி அதில் விட்டுப்போகிறது.

மிஷூன் அவர்கள் மொழிச் சொல், அதில் கைவைக்க வேண்டாம். முதல் முறை வரும்போது ‘மிஷூன் என்னும் ஒருமரத் தோணி’ என்று எழுதிவிட்டு, பிறகு மிஷூன் என்றே தொடரலாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.