நெட்வொர்க் கனெக்ஷன் வந்தாலே விழும் டேட்டாபேஸ் சர்வர்: அனுபவங்களைப் பகிருங்கள்

வேர்ப்பயனர்:

வெளி மெஷினிலிருந்து ஒரு கனெக்ஷன் வந்ததுமே டேட்டாபேஸ் சர்வர் பொத்தென்று விழுவதைப் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். அவரவர் அனுபவத்தை எழுதினால் எல்லோருக்கும் உதவும். என்னுடையதில் தொடங்குகிறேன்.

ஒரு மொத்த வியாபாரக் கிடங்கின் ஸ்டாக் கணக்கு. பின்னால் ஓடியது மை எஸ்கியூஎல் 5.0. பழைய சர்வர் ஓய்ந்துபோனதால், டேட்டா ஃபோல்டரைப் பைனரியோடு (கம்பைல் செய்த சர்வர் புரோகிராம்) சேர்த்து அப்படியே புது லினக்ஸ் மெஷினுக்கு மாற்றியிருந்தார்கள். அதே மெஷினில் இரவில் ஓடும் ரிப்போர்ட் வேலைகளில் ஒரு குறையும் இல்லை. காலையில் பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்தவர் லாகின் செய்ததும் பிழை 2013, கனெக்ஷன் அறுந்தது. கேபிளை மாற்றினார்கள், சுவிட்சில் வேறு போர்ட்டில் செருகினார்கள், ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் முதலில் பார்த்தது சர்வரின் அப்டைம், அதாவது கடைசியாகத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது. வெறும் சில நொடிகள் காட்டியது. நெட்வொர்க்கில் கோளாறு என்றால் கிளையண்டுக்குத்தான் பிழை வரும், சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இங்கே சர்வரே செத்துப்போகிறது, மைஎஸ்கியூஎல்டி_சேஃப் ஸ்கிரிப்ட் அதை உடனே எழுப்பிவிடுகிறது. வெளியே இருப்பவர்களுக்கு ஏதோ லைன் கட் ஆகிறது என்றுதான் தெரியும். எரர் லாகைத் திறந்தால் ஒவ்வொரு லாகின் முயற்சிக்கும் ஒரு சிக்னல் 11, அதன் கீழே ரீஸ்டார்ட் ஆன வரி. சிக்னல் 11 என்றால் புரோகிராம் தனக்கு உரிமையில்லாத மெமரியைத் தொட்டிருக்கிறது. கேபிளால் அதைச் செய்ய முடியாது.

எந்த வழியாக வந்தால் விழுகிறது என்று சர்வரில் உட்கார்ந்தபடியே சோதித்தேன். லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் மை எஸ்கியூஎல் கிளையண்ட் டிசிபி என்ற நெட்வொர்க் பக்கமே போகாது, மெஷினுக்குள்ளேயே பேசும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போகும். வேலை செய்தது. 127.0.0.1 என்று கொடுத்தால் டிசிபி, போர்ட் 3306. அதுவும் வேலை செய்தது. அதே மெஷினின் லேன் ஐபியைக் கொடுத்தேன். விழுந்தது. தன் ஐபிக்குத் தானே அனுப்பும் பாக்கெட் கெர்னலுக்குள்ளேயே திரும்பிவிடும், நெட்வொர்க் கார்டைக்கூட எட்டாது. ஆக கேபிளுக்கும் சுவிட்சுக்கும் இதில் பங்கே இல்லை.

அப்படியானால் 127.0.0.1க்கும் லேன் ஐபிக்கும் சர்வருக்கு என்ன வித்தியாசம்? கனெக்ஷனை ஏற்றதும், பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதற்கு முன்னால், வந்த ஐபிக்கு உரிய ஹோஸ்ட் பெயரை மை எஸ்கியூஎல் தேடும். யூசர் அனுமதிகள் ஹோஸ்ட் பெயரை வைத்தும் எழுதப்பட்டிருக்கலாம் என்பதற்காகத்தான் இந்தத் தேடல். 127.0.0.1 வந்தால் மட்டும் தேடாமல் லோக்கல்ஹோஸ்ட் என்றே எடுத்துக்கொள்ளும். சந்தேகம் அங்கே போனதும், ஓடிக்கொண்டிருந்த சர்வரில், புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்டிரேஸை மாட்டிவிட்டு மறுபடி லேன் ஐபியில் கனெக்ட் செய்தேன். அக்செப்ட். அடுத்து, பெயர்களை எங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்எஸ்விட்ச் கான்ஃபிக் ஃபைல் திறக்கிறது. அடுத்து, அந்தத் தேடலைச் செய்யும் லிப்என்எஸ்எஸ் லைப்ரரி ஏறுகிறது. அதோடு செக்மென்டேஷன் ஃபால்ட், அதே சிக்னல் 11.

காரணம் அந்தப் பழைய பைனரி. வேகத்துக்காகச் சர்வரை முழுக்க ஸ்டாட்டிக்காக (தேவையான லைப்ரரிகளைப் பைனரிக்குள்ளேயே சேர்த்து) லிங்க் செய்வது அன்றைக்கு வழக்கம். ஆனால் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில் பெயர் தேடும் பகுதி, ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தாலும், ஓடும் நேரத்தில் மெஷினிலுள்ள என்எஸ்எஸ் லைப்ரரிகளை ஏற்றித்தான் வேலை செய்யும். பைனரிக்குள் இருப்பது பழைய ஜிலிப்சி, வெளியே இருப்பது புதுசு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் உடைந்தது. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கவுண்டர் மெஷினின் ஐபியை எழுதினாலும் பலனில்லை, அந்த ஃபைலைப் படிப்பதும் ஒரு என்எஸ்எஸ் லைப்ரரிதான்.

மை எஸ்கியூஎல்லின் கான்ஃபிக்கான மை.சிஎன்எஃப் ஃபைலில் ஸ்கிப்-நேம்-ரிசால்வ் (பெயர் தேடாதே) என்று ஒரு வரி சேர்த்து ரீஸ்டார்ட் செய்ததும் விழுவது நின்றது. அதன்பின் ஹோஸ்ட் பெயரை வைத்து எழுதிய அனுமதிகள் செல்லாது என்பதால், எல்லாவற்றையும் ஐபி வைத்துத் திரும்பக் கொடுத்தோம். பிறகு அந்த லினக்ஸுக்கென்றே கட்டிய பேக்கேஜுக்கு மாறினார்கள்.

இந்தச் சிக்கலில் என்னைக் கவலைப்படுத்துவது டேட்டா. கவுண்டரில் இருப்பவர் லாகினை மறுபடி மறுபடி அழுத்தும் ஒவ்வொரு தடவையும் சர்வர் பாதி வேலையில் சாகிறது. இன்னோடிபி வகை டேபிள்கள், மாற்றங்களைக் குறித்துவைக்கும் ரீடூ லாகை வைத்து மீண்டுவிடும். மைஐசாம் வகை டேபிள்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அங்கே ஸ்டாக் டேபிளே மைஐசாம். கிராஷ் ஆனதாகக் குறி விழுந்திருந்தது. அதனால் மேலே சொன்ன சோதனைகளுக்கு முன்பே ஸ்கிப்-நெட்வொர்க்கிங் போட்டு வெளியிலிருந்து யாரும் வராதபடி அடைத்தேன். சர்வரை நிறுத்தி ஃபைல்களை நகல் எடுத்து, அதன்பின் ரிப்பேர் ஓட்டி, சாக்கெட் வழியாக டம்ப் (டேட்டா முழுவதின் ஏற்றுமதி) எடுத்தேன். அதன்பின் ஸ்கிப்-நெட்வொர்க்கிங்கை நீக்கிவிட்டுத்தான் அந்தச் சோதனைகளைச் செய்தேன். நகல் எடுக்காமல் ரிப்பேர் ஓட்டாதீர்கள். சில நேரம் ரிப்பேரே வரிகளைத் தொலைத்துவிடும்.

போர்ட்3306:

எங்களுக்கும் அதே பெயர் தேடும் இடம்தான், ஆனால் விழவில்லை, தொங்கியது. 'சர்வர் கிராஷ்' என்று டிக்கெட் வந்தது. அப்டைமைப் பார்த்தால் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிராசஸ் லிஸ்டில் 'அன்ஆதென்டிகேட்டட் யூசர்' என்று நீளமான வரிசை. ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் சர்வர் பதில் சொல்லவில்லை. லினக்ஸ் ரிசால்வர் ஒவ்வொரு கேள்விக்கும் இயல்பாகவே 5 நொடி காத்திருந்து மறுபடி கேட்கும், அதற்குள் அப்ளிகேஷன் பொறுமையிழந்து கனெக்ஷனை அறுத்துவிடும். இப்படிப் பாதியில் அறுந்தவை தொடர்ந்து சேர்ந்தால் சர்வர் அந்த ஹோஸ்டையே பிளாக் செய்துவிடும். 5.6க்கு முன் அந்த வரம்பு வெறும் 10, 5.6.6இல்தான் 100 ஆக்கினார்கள். ஃப்ளஷ்-ஹோஸ்ட்ஸ் கட்டளை கொடுத்தால் அப்போது தற்காலிகமாகத் திறந்தது. எங்களுக்கும் கடைசியில் கைகொடுத்தது ஸ்கிப்-நேம்-ரிசால்வ்.

நீலயானை:

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் பக்கத்திலிருந்து ஒன்று. இங்கே ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி பிராசஸ். அதில் ஒன்று சிக்னல் 11இல் செத்தால்கூட, பகிர்ந்த மெமரி கெட்டிருக்கலாம் என்று தாய்ப் பிராசஸான போஸ்ட்மாஸ்டர் மற்ற எல்லாப் பிராசஸையும் வெளியேற்றிவிட்டு மறுபடி தொடங்கும். பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் 'இன்னொரு பிராசஸ் கிராஷ் ஆனதால் துண்டிக்கிறோம்' என்ற செய்தியைப் பார்ப்பார்கள். லாகில் அந்தச் செய்தி நூறு வரி இருக்கும், உண்மையான காரணம் அவற்றுக்கு மேலே ஒரே ஒரு வரியாக இருக்கும். அதைத் தேடுங்கள்.

நான் பார்த்தது வேறு மாதிரி. 9.4 பதிப்பு, சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தது, சாதாரண யூசர் கணக்கில் ஓடியது. எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போய்ப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்கு. வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் புதுக் கனெக்ஷன் ஒன்றுகூட நிற்காது. லாகில் செம்சிடிஎல் (செமஃபோர்களை, அதாவது பிராசஸ்கள் மோதாமல் காக்கும் பூட்டுகளை, கையாளும் அழைப்பு) தோற்றது, 'இன்வாலிட் ஆர்க்யூமென்ட்' என்று வரிசையாக. ஐபிசிஎஸ் கட்டளையில் செமஃபோர்களைப் பார்த்தேன், இருந்தன. அந்த யூசரை லாக் அவுட் செய்துவிட்டு ரூட்டிலிருந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை.

காரணம், லினக்ஸில் லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி லாகின்டியில் ரிமூவ்ஐபிசி என்ற அமைப்பு. ஒரு யூசரின் கடைசி செஷன் முடிந்ததும் அவருடைய செமஃபோர்களையும் பகிர்ந்த மெமரியையும் கூட்டித் தள்ளிவிடும். சிஸ்டம் யூசர்களுக்கு மட்டும் விலக்கு. பேக்கேஜ் வழியாக நிறுவினால் போஸ்ட்கிரெஸ் யூசர் சிஸ்டம் கணக்காக அமைந்துவிடுவதால் பலருக்கு இது தெரியாமலே போகிறது. ரிமூவ்ஐபிசியை 'நோ' ஆக்கியதும் சரியானது. கையால் யூசர் உருவாக்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் பாருங்கள், அலுவலகம் முழுக்க இருக்கும் கணக்கு இந்த ஒரு வரியில் தொங்குகிறது.

சிக்னல்9:

சிக்னல் நம்பரைப் படிக்காமல் கூகுள் செய்யாதீர்கள். 11 என்றால் பெரும்பாலும் புரோகிராம் கோளாறு. 9 என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ஏதாவதொரு புரோகிராமைக் கொல்வது). காலையில் அப்ளிகேஷன் சர்வர்கள் ஒரே நேரத்தில் கனெக்ஷன் பூலை நிரப்பும்போது எங்களுக்கு அதுதான் நடந்தது. கெர்னல் லாகைக் காட்டும் டிமெஸ்ஜில் தெளிவாக எழுதியிருந்தது. மேக்ஸ் கனெக்ஷன்ஸைக் குறைத்து, நடுவே கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் வைத்து, கெர்னல் அளவுக்கு மீறி மெமரி வாக்களிக்காதபடி ஓவர்கமிட் மெமரியை 2 ஆக்கினோம்.

கதவுக்காவல்:

யாரும் சொல்லாத ஒன்று. கனெக்ஷன் வந்ததும் விழுகிறது என்றால், வந்தது யார் என்றும் பாருங்கள். லாகின் செய்யும் முன்பே சர்வரை உடைக்கும் ஓட்டைகள் இருந்திருக்கின்றன. போஸ்ட்கிரெஸில் 2013 ஏப்ரல் 4 அன்று அடைத்த சிவிஇ-2013-1899 என்ற எண்ணுள்ள ஓட்டை அப்படிப்பட்டது. டேட்டாபேஸ் பெயர் ஹைஃபனில் தொடங்கினால் சர்வர் அதைக் கட்டளை ஸ்விட்சாக எடுத்துக்கொள்ளும், பாஸ்வேர்ட் இல்லாமலே ஃபைல்களைக் கெடுத்துவிடலாம். 9.2.4இல் சரிசெய்தார்கள். 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாம்மர் என்ற வார்ம் எஸ்கியூஎல் சர்வர் 2000க்கு அனுப்பியது 376 பைட்டில் ஒரே ஒரு யூடிபி பாக்கெட், போர்ட் 1434. அதற்கான பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்திருந்தது. இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் 3306 (மை எஸ்கியூஎல்), 5432 (போஸ்ட்கிரெஸ்), 1433 (எஸ்கியூஎல் சர்வர்) எதுவாக இருந்தாலும் இன்றே மூடுங்கள்.

புதுவரவு:

வேர்ப்பயனர் அண்ணா, எஸ்டிரேஸ் போட அனுமதி இல்லாத புரொடக்ஷன் மெஷினில் என்ன செய்வது? கோர் ஃபைல் (சர்வர் செத்த நேரத்து மெமரியின் நகல்) கேட்டால், அந்த ஃபைல் உருவாகவே மாட்டேன் என்கிறது.

வேர்ப்பயனர்:

தம்பி, மை.சிஎன்எஃபில் கோர்-ஃபைல் என்ற வரி மட்டும் போதாது. சர்வர் ரூட்டில் தொடங்கி வேறு யூசருக்கு மாறுவதால் கெர்னல் கோர் எழுத மறுக்கலாம். சூயிட்_டம்ப்பபிளை 2 ஆக்கி, கோர் விழ வேண்டிய இடத்துக்கு முழுப் பாதை கொடுங்கள், யூலிமிட்டில் கோர் அளவைத் தளர்த்துங்கள். புது லினக்ஸ் என்றால் முதலில் கோர்டம்ப்சிடிஎல் ஓட்டிப் பாருங்கள், ஏற்கெனவே கோரைப் பிடித்து வைத்திருக்கவும் கூடும். பிறகு ஜிடிபி டீபக்கரில் பேக்டிரேஸ் (விழுந்த நேரத்தில் எந்தெந்த ஃபங்ஷனுக்குள் இருந்தது என்ற பட்டியல்) எடுங்கள். மேல் வரிகளில் கெட்நேம்இன்ஃபோ, கெட்ஹோஸ்ட்பைஅட்ரஸ் மாதிரி பெயர்கள் தெரிந்தால் பெயர் தேடும் பக்கம் போங்கள். எஸ்எஸ்எல் என்று தொடங்கினால் ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பைப் பாருங்கள். கோரில் யூசர்களின் டேட்டாவும் இருக்கும், அதனால் அதை எங்கேயும் அப்லோட் செய்யாதீர்கள். பேக்டிரேஸ் வரிகளை மட்டும் இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.