நம் குடும்பம் குழு: படகு மூழ்கவில்லை

மதுரை பெரியம்மா: தம்பி, நீ அனுப்பிய போட்டோவில் தரையெல்லாம் ஈரமாக இருக்கிறதே, படகுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா? போட்டோவைப் பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் அம்மா, என் அத்தை, எங்கே?

கவிதா: படகே மூழ்கிவிட்டது என்று எனக்கு போன் வந்தது!

லண்டன் சித்தி: அது தண்ணீர் இல்லை அக்கா. ரசம்.

மதுரை பெரியம்மா: ரசமா?

லண்டன் சித்தப்பா: விவரமாகச் சொல்கிறேன். நாங்கள் இங்கிலாந்துக் கால்வாயில் ஓட்டிவரும் இந்தப் படகின் அகலம் 7 அடிக்கும் குறைவு. பின்னால் நின்று சுக்கான் கட்டையைப் பிடித்து ஓட்ட வேண்டும். கட்டையை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். எதிரே படகு வந்தால் இங்கே வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். காலையில் திருச்சி அத்தான் ஓட்டும்போது ஒரு படகு வந்தது. அவர் கட்டையையும் வலப்பக்கமே தள்ளிவிட்டார். நேராக இடப்பக்கக் கரையில் முட்டினோம். மெதுவாகத்தான், மணிக்கு 4 மைலைத் தாண்டவே கூடாது. ஆனால் அடுப்பில் ரசம் இருந்தது.

மதுரை பெரியப்பா: மாப்பிள்ளையிடம் ஏன் கொடுத்தீர்கள்? கொடைக்கானலில் துடுப்பைத் தொலைத்தது போதாதா?

திருச்சி மாமா: அது ஏற்கெனவே உடைந்த துடுப்பு. எத்தனை வருடமாகச் சொல்வது?

திருச்சி அத்தை: அண்ணா, விடுங்கள்.

லண்டன் சித்தப்பா: அப்புறம் நியூ மார்ட்டன் லாக், கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி. கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, கைப்பிடி மாதிரி இருக்கும் திருகுச் சாவியைப் போட்டு மதகைத் திறந்தால் தண்ணீர் நிரம்பிப் படகை மேலே தூக்கும். அந்தச் சாவியைத் திருச்சி அக்கா தண்ணீருக்குள் நழுவ விட்டுவிட்டார். பின்னால் வந்தவர் கயிற்றில் கட்டிய காந்தம் வைத்திருந்தார். இரும்புச் சாவி, ஒட்டிக்கொண்டு வந்தது. அலுமினியம் என்றால் போயிருக்கும்.

கவிதா: திருச்சி அத்தை, நீங்கள் விழவில்லையே?

திருச்சி அத்தை: இல்லைம்மா. சாவி மட்டும்தான்.

மதுரை பெரியம்மா: ரசம் இல்லாமல் அத்தைக்குச் சோறு இறங்காதே.

லண்டன் சித்தி: எலுமிச்சை ரசம் வைத்துவிட்டேன் அக்கா.

மதுரை பெரியம்மா: சரி. அத்தை திரும்பும்போது என் பித்தளைத் தூக்கைக் கொடுத்தனுப்பு. போன தடவையே கேட்டேன்.

லண்டன் சித்தப்பா: மதியம் படகு திணறியது. எஞ்சினை நிறுத்தி, பின்னால் இருக்கும் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தால், படகைத் தள்ளும் விசிறியில் பிளாஸ்டிக் பையும் நைலான் கயிறும் சுற்றியிருந்தன. அறுத்தெடுக்க 40 நிமிடம். அந்த மூடியைச் சரியாக மூடாவிட்டால்தான் நிஜமாகவே தண்ணீர் உள்ளே வரும்.

மதுரை பெரியம்மா: மூடினாயா?

லண்டன் சித்தப்பா: இரண்டு தடவை பார்த்துவிட்டேன் அண்ணி.

மதுரை பெரியப்பா: இப்போது எங்கே?

லண்டன் சித்தப்பா: வேல்ஸுக்குள் வந்துவிட்டோம், சர்க் என்ற ஊர்ப் பக்கம் படகைக் கட்டியிருக்கிறோம். நாளை கால்வாயைத் தாங்கும் பொன்ட்கசுல்தெ தண்ணீர்ப்பாலம். 1805-இல் திறந்தது. டீ ஆற்றுக்கு மேல் 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் தூரம் இரும்புத் தொட்டிக்குள் போவோம். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான்.

மதுரை பெரியப்பா: அம்மாவை அதில் ஏற்றாதே. நடைபாதையில் கூட்டிப் போ.

லண்டன் சித்தி: மூட்டுவலியோடா?

திருச்சி அத்தை: உள்ளே உட்காரட்டும். திரையை இழுத்துவிடலாம்.

கவிதா: அப்பத்தா மாத்தூர் தொட்டிப்பாலத்தில் அந்தக் கடைசி வரை நடந்தாரே!

மதுரை பெரியப்பா: அது எந்தக் காலம்?

லண்டன் சித்தி: அத்தை சொல்லச் சொல்கிறார்கள்: இந்தப் பாலத்தைப் பார்க்கத்தான் வந்தாராம், முன்பக்கம்தான் உட்காருவாராம்.

மதுரை பெரியப்பா: போனை அம்மாவிடம் கொடு.

லண்டன் சித்தி: படுத்துவிட்டார்கள்.

மதுரை பெரியப்பா: காலையில் பேசுகிறேன். அதுவரை கிளம்பாதீர்கள்.

லண்டன் சித்தப்பா: 8 மணிக்குக் கிளம்ப வேண்டும் அண்ணா.

மதுரை பெரியப்பா: எந்த ஊர் 8 மணி?

திருச்சி மாமா: நாளை யார் ஓட்டுவது?