புண்படுத்த எண்ணம் வேண்டுமா?

கரிசல்காரன்:
கல்யாணப் பந்தியில் பெரியப்பா என் தம்பியிடம், நாலு பேர் காதில் விழும்படி, "இன்னும் வேலை கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். பாயசம் வருவதற்குள் அவன் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டான். "புண்படுத்திவிட்டீர்கள்" என்றேன். "நான் எங்கே புண்படுத்தினேன்? அவனாகப் புண்பட்டால் நான் என்ன செய்வேன்?" என்கிறார். இலக்கணப்படி அவர் தப்பித்துவிடுகிறாரா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தப்பித்துவிடுகிறார். புண்படு தன்வினை, புண்படுத்து பிறவினை. பிறவினை என்றால் ஒருவர் வேண்டுமென்றே செய்வது. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 298ஆம் பிரிவு: மத உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு பேசினால்தான் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது அது 302.

மழைத்தாள்:
ஐயா, அந்தச் சட்டம் உங்களுக்கு எதிர்ச்சாட்சி. சொல்லுக்குள்ளேயே எண்ணம் அடங்கியிருந்தால் 'எண்ணத்தோடு' என்று தனியாக எழுதுவானேன்? சித்திரை வெயில் பாடாய்ப் படுத்துகிறது, பல்வலி படுத்தி எடுக்கிறது என்கிறோம். பல் திட்டம் போட்டா வலிக்கிறது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வெயில் என்னைப் 'புண்படுத்தியது' என்று எழுதுவீர்களா? மாட்டீர்கள். இந்த வினைக்கு ஆள் வேண்டும்.

மழைத்தாள்:
"அவருடைய மௌனம் என்னைப் புண்படுத்தியது." இதில் ஆள் எங்கே?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சரி, மௌனத்தை விட்டுத்தருகிறேன். ஆனால் விவரமில்லாமல் கேட்டவரையும் குத்திக்காட்டவே கேட்டவரையும் ஒரே சொல்லால் அடிப்பது நியாயமில்லை. முன்னவர் 'மனம் நோகப் பேசிவிட்டார்', அவ்வளவுதான். பின்னவருக்குத்தான் 'புண்படுத்தினார்'.

குமரிக்கடல்:
இருவரும் புண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 129ஆம் குறளில் தீ சுட்டதுதான் புண். நா சுட்டது வடு. ஆறிப்போவதால் அதைப் புண் என்றார், ஆறாமல் கிடப்பதால் இதை வடு என்றார் என்பது பரிமேலழகர் உரை. அந்தக் கணக்கில் 'புண்படுத்தினீர்கள்' என்றதே பெரியப்பாவுக்குச் சலுகை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
குறளில் வடு பெயர்ச்சொல், அம்மா. நாம் வினையைப் பற்றிப் பேசுகிறோம். (உரையை நினைவூட்டியதற்கு நன்றி. மறந்துதான் போயிருந்தேன்.)

கரிசல்காரன்:
நேற்றிரவு பெரியப்பாவிடம் போனில் பேசினேன். "தம்பியின் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று சொல்லச் சம்மதித்திருக்கிறார்.

மழைத்தாள்:
அதிலும் 'புண்பட்டிருந்தால்'தானா? 'புண்படுத்தியதற்கு' என்று மாற்றச் சொல்லுங்கள். வாத்தியார் ஐயா எதிர்ப்புத் தெரிவிப்பார், பரவாயில்லை.