பின்கருகல், நாற்றழுகல், கிழங்கழுகல்: தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகள் அனுபவம் சொல்லுங்கள்

கெலமங்கலம், தக்காளி:

அடைமழைக் காலத்தில் பயிர் வைத்திருக்கும் நம்ம இரண்டு மாவட்டத்து ஆட்களுக்காக இதைத் தொடங்குகிறேன். பின்கருகல், நாற்றழுகல், அடிச்சாம்பல், கிழங்கழுகல், எது வந்திருந்தாலும் எப்படி ஆரம்பித்தது, எது கைகொடுத்தது என்று எழுதுங்கள்.

எங்கள் பக்கம் கார்த்திகையில் காலை வெகுநேரம் மூடுபனி விலகாது. போன பருவத்தில் கொம்பு நட்டுக் கயிறு கட்டி, முதல் பறிப்புக்குக் காய் திரண்டு நின்ற சமயம் விடாத சாரல் பிடித்துக்கொண்டது. சாரல் விட்ட காலையில் பார்த்தால் வரப்போரச் செடிகளில் இலை நுனியெல்லாம் வெந்நீர் ஊற்றின மாதிரி கருத்துத் தொங்குகிறது. இலையைத் திருப்பினால் கறையின் விளிம்பில் மெல்லிய வெள்ளைப் பூசணம். இதை விடியற்காலையில்தான் பார்க்க வேண்டும், வெயில் ஏறிவிட்டால் தெரியாது. சந்தேகம் என்றால் கறை பட்ட இலையை ஈரக் காகிதத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒரு ராத்திரி வையுங்கள், பின்கருகலாக இருந்தால் பெரும்பாலும் காலையில் வெள்ளை கிளம்பியிருக்கும். தண்டில் பழுப்புப் பட்டையும், காயில் கெட்டியான பழுப்புக் கறையும் வரும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் இலையைக் கடையில் காட்டியதும் "பூஞ்சாணம்தான்" என்று கார்பென்டசிம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது இந்த நோயைத் தொடவே தொடாது. மனுஷன் கடன் வாங்கி மருந்து அடிக்க, கிருமி பாட்டுக்குப் பரவிக்கொண்டே போனது, தோட்டத்தில் பாதி போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. பின்கருகலைக் கொண்டுவரும் பைட்டோப்தோரா, நாற்றழுகலைக் கொண்டுவரும் பித்தியம், அடிச்சாம்பல் கிருமிகள் எல்லாம் பார்க்கத்தான் பூஞ்சாணம், உண்மையில் கடலில் வளரும் பழுப்புப் பாசிக்குத்தான் நெருங்கிய சொந்தம். செல்சுவரில் முக்கியமாக இருப்பது பூஞ்சாணத்தில் இருக்கிற கைட்டின் இல்லை, செல்லுலோஸும் குளுக்கனும். இரண்டு வால் வைத்த நுண்வித்துகளை விட்டு, நனைந்த இலையிலும் ஈர மண்ணிலும் நீந்திப் போகிற ஜாதி. கார்பென்டசிமுக்கு இதனிடம் பிடி கிடைக்காது. ஹெக்சகொனசோல், டெபுகொனசோல் வகையும் அப்படித்தான், அவை பூஞ்சாணத்தின் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுக்கிற மருந்துகள், இந்தக் கிருமி எர்கோஸ்டெராலைத் தயாரிப்பதே இல்லை, அப்புறம் எதைத் தடுப்பது?

நான் கறை பட்ட செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் கட்டி வெளியேற்றினேன். சைமாக்சனில் மேன்கோசெப் கலந்த மருந்தை இலையின் அடிப்பக்கமும் நனைய அடித்தேன், அடுத்த முறை டைமெத்தோமார்ப். தரையோர இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் விட்டேன். கருகின இலை பிழைக்காது, ஆனால் மேல்கிளையில் புதுக் கறை வருவது நின்றது, அடுத்தடுத்த பறிப்பு கிடைத்தது.

பாலக்கோடு, நாற்றுப் பண்ணை:

அண்ணா, எங்களுக்கு எதிரி பித்தியம். முளைத்து இரண்டு இலை விட்ட நாற்று மண்ணை ஒட்டின இடத்தில் தண்ணீர் கோத்து மெலிந்து, சாயங்காலம் பார்த்தால் வட்டம் வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். புரோட்ரேயில் (குழித்தட்டில்) வளர்த்தால் வராது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், பழைய ட்ரேயைக் கழுவாமல் திரும்பப் போட்டாலோ, தென்னை நார்க்கழிவு சொதசொதவென்று இருந்தாலோ அங்கேயும் வரும். விதைக்கும் முன்னால் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கிலோ விதைக்கு 4 கிராம் கலக்கிறோம். சாய்வு தெரிந்தால் சாய்ந்ததை எடுத்துவிட்டு, மீதிக்கு காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வேர் நனைய ஊற்றுகிறோம். ஆனால் எனக்குத் தெரிந்து மருந்தைவிடப் பெரிய வைத்தியம் பூவாளியைக் காலையில் மட்டும் எடுப்பதுதான். சாயங்காலம் தண்ணீர் விட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கிறது. தரைப் பாத்தியில் விடுகிறவர்கள் மேட்டுப்பாத்தி போடுங்கள், விதையை நெருக்கித் தூவாதீர்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி, மஞ்சள்:

மஞ்சளில் கிழங்கழுகல். கீழ்இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காயும், தண்டைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், கிழங்கு கொழகொழவென்று நாறும். எங்கள் வயலில் தண்ணீர் தேங்குகிற தாழ்ந்த மூலையில்தான் தொடங்கியது. கவனித்தால் வடிகால் எடுத்த வரிசை தப்பியது, அடைத்துக் கிடந்த வரிசை போனது. இப்போது பார் பிடித்துத்தான் நடுகிறோம், விதைக்கிழங்கை நோய் இல்லாத வயலிலிருந்து மட்டும் எடுக்கிறோம், தொழு உரத்தோடு டிரைக்கோடெர்மாவைக் கலந்து நிழலில் ஊறவிட்டுப் போடுகிறோம். அந்த மூலையில் மறுபடி மஞ்சள் வைக்கவில்லை. இந்தக் கிருமிகளின் தடித்த சுவர் வித்து மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும்.

தளி, ராகி:

ராகிக் கதிர் மணி பிடிக்காமல் பச்சையாக இலை இலையாகப் பிரிந்து துடைப்பம் மாதிரி ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தக் கூட்டம்தான், அடிச்சாம்பல் வகை. நாற்றுப் பருவத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் வருகிறது. எங்களுக்கு அங்கொன்று இங்கொன்றுதான், பிடுங்கிப் போடுவதோடு சரி.

ஓசூர், ரோஜா:

பாலிஹவுஸ் ரோஜாவில் அடிச்சாம்பல் வந்தால் இலை ஊதாக் கறையோடு மளமளவென்று கொட்டிவிடும். காதலர் தினப் பூவுக்காகக் கிள்ளிவிட்டுப் புதுத் தளிர் வருகிற மார்கழி, தை குளிரில்தான் இது வரும், அதுதான் வயிற்றெரிச்சல். பக்கத் திரையைக் காலையிலேயே ஏற்றிவிட்டு ஈரக்காற்றை வெளியேற்றுங்கள், கொட்டின இலையை அப்படியே விடாதீர்கள். கெலமங்கலம் அண்ணாவிடம் ஒரு கேள்வி: பழக்கமான மெட்டலாக்சில் கலவையையே நீங்கள் ஏன் அடிக்கவில்லை? தக்காளி வைத்திருக்கிற என் மச்சான் அதையே திரும்பத் திரும்ப அடித்தும் நிற்கவில்லை என்கிறார்.

கெலமங்கலம், தக்காளி:

அதனால்தான் அடிக்கவில்லை. மெட்டலாக்சில் ஒரே இடத்தைத் தாக்குகிற மருந்து, சீக்கிரம் எதிர்ப்பு வந்துவிடும். 1980இலேயே அயர்லாந்து உருளைக்கிழங்கில் அப்படி ஆனது. 13_ஏ2 என்ற பின்கருகல் வகை 2004 வாக்கில் ஐரோப்பாவில் தலைதூக்கி, பிற்பாடு தென்னிந்தியத் தக்காளியிலும் உருளையிலும் பரவியது, அது மெட்டலாக்சிலுக்கு மசியாது. மச்சானை உடனே வேறு வகைக்கு மாறச் சொல்லுங்கள். மேன்கோசெப், காப்பர் இரண்டும் நோய் வரும் முன்னால் இலையைக் காப்பவை, மூடுபனி தொடங்கும்போதே அடிக்க வேண்டும். பறிப்புக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று லேபிளில் இருக்கும், சாப்பிடுகிற பண்டம், அதைப் பார்க்காமல் அடிக்க வேண்டாம்.

கையில் காசு குறைவு என்றால் போர்டோ கலவை இருக்கிறது, 1885இல் பிரான்சில் திராட்சை அடிச்சாம்பலுக்காக வந்த மருந்து. 1 சதவீதம் என்றால் மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். கதிர் அரிவாளை முக்கி எடுங்கள், செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள், இல்லையென்றால் இலை பொசுங்கும். இளந்தளிருக்கு இந்த அளவு கடுமை, நீர்க்கவிட்டு நாலு செடியில் அடித்துப் பார்த்துவிட்டு அடியுங்கள். கலக்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும்.

ராயக்கோட்டை, பென்னாகரம் பக்கம் யாருக்காவது இப்போது கறை தெரிந்தால் இலையின் அடிப்பக்கத்தைக் காலையில் படம் எடுத்துப் போடுங்கள், மருந்து வாங்கும் முன்னால் சேர்ந்து பார்த்துவிடலாம்.